பீரோவுல ஒரு கவர் வைங்க, எங்க உடம்பையும் கொஞ்சம் பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். நான் மதுரையில பிரேதம் வைக்கிற ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுறவன், கூடவே மயானம் போற வண்டி ஒண்ணு ஓடுது, 19 வருசமா இதான் பொழப்பு. பேப்பருக்கெல்லாம் எழுதிப் பழக்கம் இல்ல, பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. ஆனா இத யாராச்சும் எழுதித்தான் ஆகணும்னு ரொம்ப நாளா மனசுல கெடக்குது.

போன பங்குனியில ஒரு ராத்திரி 2 மணிக்கு போன் வந்துச்சு, பெரியவர் தூக்கத்துலயே போயிட்டாரு, பெட்டி வேணும்னாங்க. அரை மணி நேரத்துல போயிட்டோம். வீட்டுக்குள்ள நுழைஞ்சா மூத்த மகன் பீரோவத் தலைகீழாக் கொட்டி வச்சிட்டு ஆதார் கார்டத் தேடுறாரு, சின்னவரு அப்பாவோட போன வச்சுக்கிட்டு லாக் திறக்கத் தெரியாம அழுவுறாரு, யாருக்குச் சொல்லணும்னாலும் நம்பரெல்லாம் அதுக்குள்ள தான இருக்கு. பெரியவரோட வீட்டம்மா ஒரு மூலையில உக்காந்திருக்காங்க, அவங்க பக்கத்துல ஒரு ஆள் இல்ல. பெரியவர் எறந்து நாலு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும் போல, தூங்கின வாக்குலயே ஒரு கை மடங்கி வெறைச்சுப் போச்சு, வாய் திறந்தபடி நின்னுபோச்சு, வெரல்ல மோதிரம் கழல மாட்டேங்குது. காலையில 6 மணிக்கு டாக்டரத் தேடிப் போனா மூணு பேர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, உசுரோட ஒரு தடவ கூடப் பாக்காத ஆளுக்கு இதுனாலதான் எறந்தாருன்னு எப்படி எழுதித் தருவாங்க. மத்தியானம் 1 மணிக்குத்தான் பேப்பர் கெடைச்சுச்சு, தத்தனேரி மயானத்துல கேட்டிருந்த நேரம் போயி வேற நேரம் வாங்கி, எடுக்கும்போது சாயங்காலம் ஆயிப்போச்சு. அந்தப் பிள்ளைங்க அப்பா மூஞ்சியப் பாத்து நிம்மதியா அழக்கூட முடியலய்யா. அதத்தான் என்னால மறக்க முடியல.

வாரத்துல ரெண்டு வீட்டுலயாவது இதே கததான். சாவப் பத்தி முன்னாடியே பேசுனா அபசகுனம்னு விட்டுர்றோம். கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே மண்டபம் பாக்குறோம், இதுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கூட எடுத்து வைக்க மாட்டேங்குறோம். நான் கேக்குறது அந்தக் கவர்தான். வயசானவங்க இருக்குற வீட்டுலன்னு இல்ல, எல்லா வீட்டுலயும்.

அதுக்குள்ள என்ன வைக்கணும்னா, ஆதார் ஜெராக்ஸ் நாலஞ்சு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ரெண்டு பாஸ்போர்ட் போட்டோ, நல்லா இருந்த காலத்துல எடுத்த ஒரு பெரிய போட்டோ (கடைசி நேரத்துல வாட்ஸப்புல கெடைக்கிற மங்கலான படத்தத்தான் போஸ்டர்ல போடுறாங்க, பாக்கவே சங்கடமா இருக்கும்), வழக்கமா பாக்குற டாக்டரோட சீட்டு, அவர் நம்பர், கடைசியா எடுத்த ரிப்போர்ட்டு, சாப்பிடுற மாத்திரை பேரு, பேங்க் பாஸ்புக் எது எது, எல்ஐசி பாலிசி நம்பரு, பென்சன் பேப்பர். அப்புறம் ஒரு வெள்ளப் பேப்பர்ல யார் யாருக்குச் சொல்லணும்னு 20 நம்பர் கையால எழுதி வைங்க. எரிக்கணுமா பொதைக்கணுமா, எந்த மயானம், கண்ணு குடுக்கலாமா, இதையும் அவங்கவங்களே ஒரு வரி எழுதி வச்சுட்டா மகன் மருமகன் சண்டை வராது. கண்ணால பாத்திருக்கேன், பிரேதத்த நடுவீட்டுல போட்டுட்டு ரெண்டு பங்காளிங்க மூணு மணி நேரம் இதுக்கே மல்லுக்கு நின்னாங்க.

டாக்டர் விசயம்தான் முக்கியம். வீட்டுல வயசானவங்க படுக்கையில இருந்தா பக்கத்துல இருக்குற ஒரே டாக்டர்கிட்ட மாசத்துக்கு ஒரு தடவயாவது காமிங்க, முடியலன்னா அவர வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. வீட்டுல எறந்தா எறப்புக் காரணத்த அந்த டாக்டர்தான் 4ஏ ஃபார்ம்ல எழுதித் தரணும், மயானத்துல டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, எறப்ப பதிவு பண்ணவும் அது வேணும். ஆஸ்பத்திரியில எறந்தா அவங்களே எழுதி அனுப்பிருவாங்க. ஆனா ஒண்ணு, விபத்து, தற்கொலை, சின்ன வயசுல திடீர்னு காரணம் தெரியாம போறது, கல்யாணம் ஆகி 7 வருசத்துக்குள்ள பொண்ணு எறக்குறது, இதெல்லாம் போலீஸுக்குச் சொல்லாம குளிப்பாட்டவும் கூடாது, கெடந்த எடத்தவிட்டு நகத்தவும் கூடாது. தெரிஞ்ச டாக்டர வச்சு எழுதி வாங்கிரலாம்னு சொல்ற சொந்தக்காரர் பேச்சக் கேக்காதீங்க, பின்னாடி கோர்ட்டு வாசல்ல நிக்கும்போது அந்தச் சொந்தக்காரர் கூட வர மாட்டாரு.

உசுரு போனதும் மொத ரெண்டு மணி நேரம் ரொம்ப முக்கியம். கண்ண மூடி விடுங்க, தாடைய ஒரு வேட்டித் துணியால தலையோட சேத்துக் கட்டுங்க, கைகால நீட்டி விட்டு பெருவெரல் ரெண்டையும் கட்டுங்க, நகைய அப்பவே கழட்டிருங்க. 2, 3 மணி நேரத்துல தாடையில ஆரம்பிச்சு வெறைக்கும், 12 மணி நேரத்துல உடம்பு முழுசும் கட்டையாயிரும், நம்மூரு வெயிலுக்கு அதுக்கு முன்னாடியே ஆயிரும். வெறைச்ச கைய பலவந்தமா மடக்குறதப் பாக்கவே முடியாதுய்யா. நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருந்தா கண்டிப்பா டாக்டர்கிட்டயும் மயானத்துலயும் சொல்லிருங்க, கழட்டாம உள்ள அனுப்புனா எரிக்கிற மெஷினுக்குள்ள வெடிக்கும், அத இயக்குறவன் பக்கத்துலதான நிப்பான். அதே மாதிரி சென்ட் பாட்டில், செல்போன், பேட்டரி வச்ச எதையும் ஆசைப்பட்டாருன்னு கூட வைக்காதீங்க.

கண்தானம் பண்றதா இருந்தா 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். ஃபேன ஆஃப் பண்ணிட்டு, கண்ண மூடி ஈரப்பஞ்சு வச்சு, தலைக்கு ரெண்டு தலகாணி குடுத்து ஒசத்தி வச்சுட்டு கண் வங்கிக்கு போன் பண்ணுங்க. எங்க ஊர்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு, அவங்களே வீட்டுக்கு வருவாங்க, அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும், மூஞ்சி ஒண்ணும் கெடாது. கண்ணாடி போட்டவங்க, கண்புரை ஆபரேசன் பண்ணவங்ககூட குடுக்கலாம். நான் பெட்டி எடுத்துட்டுப் போற வீட்டுலயெல்லாம் இத ஒரு தடவ மெதுவா கேப்பேன், சிலர் கோவப்படுவாங்க, பரவாயில்ல, இதுவரைக்கும் ஒம்பது வீட்டுல சரின்னுருக்காங்க.

அப்புறம் பெட்டி. இத நான் கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குறேன். ஐஸ்பெட்டி கரண்டுல ஓடுறது, வெளிய தகரம், அடியில தண்ணி சொட்டும். சுத்தி பத்துப் பேரு கட்டிப் புடிச்சு அழுவாங்க. மூணு பின் பிளக்க ஒடச்சு ரெண்டு ஒயர சொருகுறது, பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல பந்தல் லைட்டோட சேத்து மாட்டுறது, குளிப்பாட்டுன தண்ணி ஓடுற எடத்துல ஒயரப் போடுறது, இதெல்லாம் பண்ணாதீங்க. எர்த் இருக்கான்னு பாத்துட்டுத்தான் மாட்டணும், தரை காய்ஞ்சிருக்கணும், ஆர்சிசிபி சுவிட்ச் போட்ட லைன்ல குடுத்தா இன்னும் நல்லது, கரண்டு கசிஞ்சா உடனே கட் ஆயிரும். பெட்டி கால்மாட்டுல சல்லடை மாதிரி இருக்குமே, சூடு வெளிய போற வழி அது, அதுமேல மாலையக் குமிச்சு வச்சா கம்ப்ரஸர் சூடாகி நின்னுரும். தலைமாட்டு வெளக்க ஒயர் பக்கத்துல வைக்காதீங்க. கரண்டு போயி ஜெனரேட்டர் போட்டா அத வாசலுக்கு வெளிய, காத்தோட்டமான எடத்துல வைக்கணும், மழைன்னு ஹால்லயோ மாடிப்படிக்குக் கீழயோ வச்சா அந்தப் பொகையில வாசனையே இல்லாத விஷக்காத்து இருக்கு, தூங்குறவன் எந்திரிக்க மாட்டான்.

அரசு ஆஸ்பத்திரியில எறந்தா வீட்டுக்குக் கொண்டு வர வண்டிக்குக் காசே குடுக்க வேணாம், 155377க்கு அடிச்சா இலவச அமரர் ஊர்தி வரும். 108 உசுரோட இருக்குறவங்களுக்கு மட்டும்தான், எறந்தவங்கள ஏத்தாது. நான் வண்டி வச்சிருக்குறவன்தான், என் வருமானம் கொறையும்னு தெரிஞ்சுதான் சொல்றேன், வாசல்ல நின்னு வட்டிக்குக் கடன் வாங்கி வண்டி புடிக்கிற சனங்களப் பாத்துருக்கேன்.

எறந்த நாள்லருந்து 21 நாளுக்குள்ள எறப்ப பதிவு பண்ணிருங்க. கிராமம்னா விஏஓ, டவுன்னா நகராட்சி இல்ல மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. 21 நாள் தாண்டி 30 நாள் வரைக்கும்னா தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டிட்டா அதிகாரி அனுமதி, ஒரு வருசம் தாண்டிட்டா மேஜிஸ்ட்ரேட் உத்தரவு வரைக்கும் போகும். பேரு ஆதார்ல இருக்குற மாதிரியே எழுத்துப் பெசகாம, இனிஷியலோட குடுங்க, ஒரு எழுத்து மாறுனா பேங்க்ல திருப்பி அனுப்பிருவாங்க, அதத் திருத்த அலையிற அலைச்சல் சொல்லி மாளாது. எறந்தவரோட சிம் கார்ட உடனே தூக்கிப் போட்ராதீங்க, எல்லா ஓடிபியும் அதுலதான் வரும். ஆனா அவர் ஏடிஎம் கார்டப் போட்டு காசு எடுக்காதீங்க, எல்லாரும் பண்றாங்கன்னு பண்ணிட்டு அப்புறம் வாரிசு சான்றிதழ் நேரத்துல அண்ணன் தம்பிக்குள்ள கேஸ் ஆயிருது. அதுக்குத்தான் முன்னாடியே ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினி எல்லாம் சரி பண்ணி வைக்கணும்.

இன்னொண்ணு, சாவு வீட்டுல எடுக்குற வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டோம், சாப்பிட மாட்டோம். சுகர் மாத்திரை, இன்சுலின் போடுறவங்க இருந்தா அவங்கள யாராச்சும் ஒருத்தர் பொறுப்பா பாத்துக்கணும். மாத்திரையப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் கொறைஞ்சு வேர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும், நம்ம சனம் அழுதுதான் மயங்கிட்டாங்கன்னு மூஞ்சியில தண்ணி தெளிச்சிட்டு இருப்பாங்க. முழிப்பு இருக்கும்போதே மூணு ஸ்பூன் சீனிய தண்ணியில கரைச்சுக் குடுங்க, முழுங்க முடியாத நிலைமைன்னா வாயில எதையும் ஊத்தாம 108ஐ கூப்புடுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க இட்லியோ கஞ்சியோ கொண்டு வந்து குடுத்தா சாப்பிடச் சொல்லுங்க, எறந்தவருக்கு அதுல ஒரு கொறையும் இல்ல.

இனி எங்களப் பத்தி. இதத்தான் எழுத ஒக்காந்தேன், முன்னாடி உள்ளது நீண்டு போச்சு.

பெட்டி தூக்குறவன், வண்டி ஓட்டுறவன், மயானத்துல மெஷின் பாக்குறவன், விறகு அடுக்குறவன், குழி வெட்டுறவன், இவங்களுக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்கு. என்னோட 11 வருசம் வேலை பாத்த தம்பி ஒருத்தன், நல்ல பலசாலி. ஒரு அப்பார்ட்மென்ட்ல மூணாவது மாடி, லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் நீட்டா நிக்காது, 110 கிலோ இருப்பாங்க அந்தம்மா, மாடிப்படி குறுகல். ரெண்டு பேருதான் தூக்குனோம், உறவுக்காரங்க தீட்டுன்னு தள்ளி நின்னாங்க. ரெண்டாவது மாடி திருப்பத்துல அவன் முதுகுல சுருக்குன்னு ஒரு புடிப்பு, சத்தம்கூடப் போடல, பிரேதத்தக் கீழ போட்ரக் கூடாதேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு எறக்கிட்டான். அன்னையிலருந்து அவனால ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது. டிஸ்க் வெலகிருச்சுன்னாங்க. இப்ப ஒரு கடையில வாட்ச்மேனா ஒக்காந்திருக்கான், 36 வயசு.

அப்புறம்தான் நான் மாத்துனேன். 4 பேரு இல்லாம மாடிப்படியில எறக்குறதில்ல, கனமான ஆள்னா 6 பேரு. கெட்டியான போர்வைய அடியில உருட்டிவிட்டு ஓரத்தச் சுருட்டிப் புடிச்சுத் தூக்கணும், முதுக வளைக்காம முட்டிய மடக்கி எந்திரிக்கணும், தூக்கின பெறகு இடுப்பத் திருப்பாம காலத் திருப்பணும், ஒருத்தர் மட்டும் குரல் குடுக்கணும். வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரு கை குடுத்தீங்கன்னா எங்க முதுகு தப்பும், உங்க அப்பா அம்மா தான, என்ன தீட்டு.

ஊசி விசயம் எனக்கே நடந்துச்சு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலருந்து வந்த பிரேதம், கையில போட்ட ஊசிய எடுக்காம பிளாஸ்டர் ஒட்டி அனுப்பிட்டாங்க, துணி மாத்தும்போது என் கட்டை வெரல்ல குத்திருச்சு. அப்ப நான் க்ளவுஸ்கூடப் போடல, மரியாதைக் கொறவா நெனைப்பாங்களோன்னு. பயந்து போயி ரத்தத்தப் பிதுக்கிட்டே இருந்தேன், அது தப்புன்னு பெரியாஸ்பத்திரியிலதான் சொன்னாங்க. பிதுக்கக் கூடாது, வாயில வச்சு உறிஞ்சக் கூடாது, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு கழுவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், எச்ஐவி தடுப்பு மாத்திரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, 72 மணி நேரம் தாண்டுனா பிரயோஜனம் இல்ல. எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் என் பிள்ளைங்க தட்டுல நான் கை வைக்கலய்யா.

அதனால இந்தத் தொழில் பாக்குற அண்ணன் தம்பிங்களுக்குச் சொல்றேன், மஞ்சகாமாலை பி தடுப்பூசி மூணு டோஸ், மொதநாள், ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம், கண்டிப்பா போட்டுக்கங்க. ரணஜன்னிக்கான டிடி ஊசி பத்து வருசத்துக்கு ஒருக்கா. க்ளவுஸ் போடுறது அவமரியாதை இல்ல. பெட்டிய ஒவ்வொரு தடவையும் மொதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் பிளீச்சிங் கரைச்ச தண்ணி, ஜன்னலத் திறந்து வச்சுக் கழுவுங்க, பிளீச்சிங்க ஆசிட்டோட கலக்கவே கலக்காதீங்க, மூச்சு முட்டிரும். சித்திரை வைகாசியில மெஷின் முன்னாடி நிக்கிறவங்க தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ண ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சுப் பக்கத்துல வச்சுக்கங்க, இல்ல உப்புப் போட்ட மோரு. சாம்பல் அள்ளும்போது வாயில துண்டக் கட்டுறது பத்தாது, என்95 மாஸ்க் போடுங்க. விறகுல எரிக்கிற எடத்துல சீக்கிரம் புடிக்கணும்னு பெட்ரோல் ஊத்தச் சொல்லுவாங்க, ஊத்தாதீங்க, அது ஆவியாகி குப்புன்னு மூஞ்சியில அடிக்கும். டயரையும் போடாதீங்க. ராத்திரி பூரா முழிச்சவன் வெளியூர் வண்டிய எடுக்காதீங்க, ஒரு மணி நேரம் படுத்துட்டு எடுங்க, எறந்தவங்களுக்கு அவசரம் இல்ல. பிரஷர் சுகர் இருக்கான்னு பாக்க மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருது, அது வந்தா ஓடி ஒளியாம கையக் காட்டுங்க.

குடி. இத எழுத எனக்குக் கை நடுங்குது, எங்கப்பா அதுலதான் போனாரு, அவரும் மயான வேலைதான். சரக்கு இல்லாம இந்த வேலை செய்ய முடியாதுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி நாங்களும் நம்பிட்டோம். சின்னக் கொழந்தைய எரிச்சுட்டு வீட்டுக்கு வந்தா என் பிள்ளையத் தூக்கவே முடியாது, கண்ணுக்குள்ளேயே நிக்கும், அது உண்மதான். ஆனா குடிச்சா தூக்கம்தான் வருது, அந்த மொகம் போறதில்ல. 14416னு அரசோட மனநல உதவி நம்பர் இருக்கு, போன் பண்ணுனா தமிழ்லயே பேசுறாங்க, காசில்ல, எந்த நேரமும் எடுப்பாங்க. நான் ஒரு ராத்திரி 40 நிமிசம் பேசினேன். அதுக்கப்புறம் நாங்க நாலு பேரு வேலை முடிஞ்சதும் வைகை கரையில ஒரு டீக்கடையில ஒக்காந்து அன்னைக்கு நடந்தத பேசிட்டுத்தான் வீட்டுக்குப் போறோம்.

வீட்டுக்காரங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. வேலை முடிஞ்சதும் குவாட்டருக்குன்னு சொல்லி 200 ரூபா தனியாத் திணிக்காதீங்க. அந்தக் காச கூலியிலயே சேத்துக் குடுங்க, கைகால் கழுவ சோப்பும் ஒரு பக்கெட் தண்ணியும் குடுங்க, உக்கார ஒரு சேர் போடுங்க, நாலு இட்லி குடுங்க. வெட்டியான்னு கூப்புடாதீங்க, எங்களுக்குப் பேரு இருக்கு.

அய்யா, இத முழுசாப் போட எடமில்லன்னா வெட்டிக்கங்க. ஆனா 155377, 14416, வீட்டுல எறந்தா 4ஏ ஃபார்ம், 21 நாள் பதிவு, இந்த நாலையும் எறப்பு அறிவிப்பு வர்ற பக்கத்துல ஒரு ஓரமா பெட்டி கட்டி தெனமும் போட்டா, அந்தப் பக்கத்தப் பாக்குற வீட்டுக்குத்தான் அது அன்னைக்கு வேணும்.

இப்படிக்கு,
ஐஸ்பெட்டிக்காரன்,
மதுரை.